பதினான்காம் நாள் பிளாஸ்க்

கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் லேப் இன்சார்ஜாக இருந்தேன். சர்க்கரைவள்ளிக் கொடியின் செல்களைப் பிளாஸ்க்கில் வளர்த்து, அதிலிருந்து பெராக்ஸிடேஸ் என்ற என்சைமை எடுப்போம். பரிசோதனைக் கிட் தயாரிப்பவர்கள் வாங்குவார்கள்.

ஒருமுறை வளர்ப்புத் திரவத்தில் சர்க்கரையையும் நைட்ரஜன் உப்பையும் கூட்டினேன். செல்கள் கஞ்சியாகத் திரண்டன. பதினான்கு நாள் காத்திருந்த அறுவடையை ஒன்பதாம் நாளுக்கு இழுத்தேன். முதலாளி முதுகில் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று பேட்ச் கழித்து, ஒரு திங்கட்கிழமை, அவரே ரிப்போர்ட்டை என் மேஜையில் வீசினார். என்சைம் பாதிக்கும் கீழே.

"இன்னா சார் இது? செல்லு கொழுகொழுன்னு வளந்துக்கினு கீது, என்சைம் மட்டும் எங்க பூடுச்சி? டெஸ்ட் பண்றது அந்தப் பழவேற்காட்டுப் பொண்ணுதானே? சனிக்கிழமையோட அனுப்பிடுங்க."

அவர் சொன்னது மும்தாஜை. செல்லை அரைத்து என்சைம் அளப்பது அவள் வேலை. ஐஸில் வைத்து அரைக்காவிட்டால் என்சைம் கெட்டுவிடும். பழி போட வசதியான காரணம்.

"ஐஸ் இல்லாம ஒரு நாளும் அரைச்சதில்ல சார். வெரலு மரத்துப்பூடும். உங்களுக்குத் தெரியாதா?" என்றாள், நான் போய்க் கேட்டபோது.

தெரியும். ஆனாலும் ரெஜிஸ்டரில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'டெஸ்ட் பிழை, மும்தாஜ்' என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை அவள் ஒரு பிளாஸ்க்கோடு வந்தாள். அடுத்த வளர்ப்பில் பூஞ்சை விழுந்து கெட்டால் மறுபடி விதைக்க ஆகட்டும் என்று, பேட்சுக்கு ஒரு பிளாஸ்க்கை அறுக்காமல், பிளாஸ்க்குகளை ஆட்டும் ஷேக்கரின் மூலையில் விட்டுவைப்பது அவள் பழக்கம்.

"அதே பேட்ச்சுதான், இது பதினாலு நாளு ஆயிடிச்சி சார். இதையும் அளந்துட்டே போறேன். பக்கத்துல நின்னு பாருங்க."

ஐஸில் வைத்து அரைத்தாள். என்சைம் இருக்கும் அளவுக்கு நிறம் காட்டும் ரீஏஜென்ட்டை விட்டாள். வழக்கமாக மெதுவாக ஏறும் நிறம், அவள் பிப்பெட்டைக் கீழே வைப்பதற்குள் டிகாக்ஷன் மாதிரி கறுத்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேகமாக வளரும்வரை செல்லுக்குப் பெருகுவதுதான் வேலை. வளர்ச்சி அடங்கிய பிறகுதான் இந்த என்சைம் ஏறும். அதற்குள் அறுத்துக்கொண்டிருந்தவன் நான். பரீட்சையில் இதையே எழுதி மார்க் வாங்கியவனும் நான்தான்.

மும்தாஜ் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்ப திங்கக்கிழம நான் வரணுமா சார், வேணாமா?"

அவள் பெயர் எழுதிய வரியை அடித்துவிட்டு, 'சீக்கிர அறுவடை, என் முடிவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ரெஜிஸ்டரோடு முதலாளி அறைக்குப் போனேன். கத்தினார். வாங்கிக்கொண்டேன். மும்தாஜ் வேலையில் தொடர்ந்தாள்.

புதிதாக லேபுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ரீடிங் குறைந்தால் அடுத்தவர் கையைக் குறை சொல்லுமுன் நீங்கள் எதை மாற்றினீர்கள் என்று பாருங்கள். லேப் ரெஜிஸ்டரில் எதையும் அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடுதான் போடலாம், அடியில் உள்ளது படிக்கத் தெரிய வேண்டும். நான் ஓய்வு பெறும்வரை அந்தப் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம், கோட்டுக்கு அடியில் மும்தாஜ் பெயர் பளிச்சென்று தெரிந்தது.