நான் எதுவுமே சாப்பிடவில்லை, டாக்டர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மலேசியாவின் பீடோங் ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டில், கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நான் தூங்கிவிட்டேன். நேரம் காலை பத்து மணி. ஸ்டூலில் உட்கார்ந்து அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தது போலத்தான் இருந்தது. திறந்தபோது என் உதவியாள் என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தபடி கத்திக்கொண்டிருந்தாள். என் முகத்துக்கும் சட்டிக்கும் ஒரு முழம் இடைவெளிதான் இருந்ததாம்.

என் தொழில் கல்யாண வீடுகளுக்குச் சைவச் சமையல் செய்து கொடுப்பது. இருபது வருடமாகச் செய்கிறேன். லூனாஸ் வரைக்கும் கூப்பிட்ட இடத்துக்கு அண்டாவோடு போய்விடுவேன். அப்போது என் எடை நூற்று இருபத்தெட்டு கிலோ. சர்க்கரை, முட்டிவலி எல்லாம் ஏற்கெனவே இருந்தன. அந்த அப்பளச் சம்பவத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரர் என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். தூக்கத்தில் எனக்கு மூச்சு அடிக்கடி நின்று நின்று வருகிறதாம். அதனால்தான் பகலில் கண் சொருகுகிறதாம். இப்படியே விட்டால் ஒருநாள் காலையில் எழுந்திருக்கவே மாட்டீர்கள் என்று டாக்டரம்மா மலாயில் சொன்னார். இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் ஒன்று இருப்பதாகவும், எனக்கு அதுதான் வழி என்றும் சொன்னார்.

அங்கே உணவு ஆலோசனை சொல்ல ஒரு சீனப் பெண் இருந்தாள். தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். "ஒண்ணும் சாப்பிடறதில்லம்மா. தண்ணி குடிச்சாலும் எனக்கு ஒடம்பு போட்டுடுது" என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். பொய் சொல்லவில்லை. சமைக்கிறவளுக்கு ஏது சாப்பாடு? எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்போது நமக்குப் பசியே போயிருக்கும். நான் தட்டு வைத்து உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. அதைப் பெருமையாகவே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒன்றரை வருடம் காத்திருந்து ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தது. அதற்கு முன் இரண்டு வாரம் பத்தியம். கலக்கிக் குடிக்கும் மாவுப்பால், தெளிந்த சூப்பு, தண்ணீர். வேறு எதுவும் வாயில் படக்கூடாது. கொழுப்பு ஏறி வீங்கிக் கிடக்கும் கல்லீரல் அப்போதுதான் சுருங்கும், இரைப்பை அதற்கு அடியில் இருப்பதால் அது சுருங்கினால்தான் கருவியை உள்ளே விட முடியும் என்று அந்தப் பெண் படம் வரைந்து காட்டினாள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்த இரண்டு வாரத்தில் எனக்கு மூன்று கல்யாணம் இருந்தது. பத்தியத்தில் இருந்துகொண்டே அத்தனையும் சமைத்தேன். அப்பாடா, என்ன மனவுறுதி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். நெய்ச்சோற்றின் வாசம் மூக்கைத் துளைத்தபோதும் ஒரு தட்டுகூடப் போட்டுச் சாப்பிடவில்லையே!

ஆபரேஷன் நாள் காலையில் டாக்டரம்மா கடைசியாக ஒரு தடவை கேட்டார். நான் எதுவுமே சாப்பிடவில்லை, டாக்டர் என்றேன். என் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்யச் சொல்லியிருந்தாலும் செய்திருப்பேன்.

கண் விழித்தபோது வயிற்றில் சின்னச் சின்னதாக இரண்டு தையல்கள். முடிந்துவிட்டது என்று நினைத்துப் பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்ஸியைப் பார்த்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கேமராவை விட்டுப் பார்த்தபோது கல்லீரல் துளிகூடச் சுருங்காமல் இரைப்பையை மூடிக்கொண்டு கிடந்ததாம். மேற்கொண்டு போனால் ரத்தப்போக்கு ஆபத்து என்று அப்படியே மூடிவிட்டாராம். மூன்று மாதத்தில் இன்னொரு தேதி தருவதாகச் சொன்னார். அப்போதும் இப்படியே இருந்தால் அதற்கப்புறம் தன்னால் செய்ய முடியாது என்றும் சொல்லிவிட்டார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் சண்டை போட்டிருப்பேன். அவர் என்னை நம்பவில்லை என்பது மட்டும் புரிந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காரில் அழுதேன்.

இங்கே என் உதவியாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ் முஸ்லிம் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவளுடைய அண்ணன் பாசார் சந்தைப் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அங்கே வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் என்னிடம் வந்துவிடுவாள். ஆறு வருடமாக என்னோடு இருந்தும் அவளுக்கு நான் கொடுத்தது நறுக்குவது, கழுவுவது, கிண்டுவது மட்டும்தான். உப்பு என் இலாகா. ஒருநாளும் அவளை உப்புப் பார்க்க விட்டதில்லை. அந்த இரண்டு வாரத்தில் அவள் ஒரு தடவை வாய் திறந்தாள்தான். "அக்கா, டாக்டர் வேணாம்னு சொன்னாங்கள்ல?" என்று கேட்டாள். "இது சாப்பாடாடீ? உன் வேலைய பாருலா!" என்று எரிந்து விழுந்தேன். எது சாப்பாடு என்றுதானே கேட்கிறீர்கள்? வருகிறேன்.

ஆபரேஷன் நடக்காமல் திரும்பி வந்த பிறகு முதல் சமையல் ஒரு நிச்சயதார்த்தம். அன்று அடுப்புக்குப் பக்கத்தில் அவள் ஒரு காலி மக்கைக் கொண்டுவந்து வைத்தாள். பெரிய மைலோ மக்.

"என்னடீ இது?"

"கோவிச்சுக்காதீங்கக்கா. நீங்க ருசி பாக்குறப்பல்லாம் அதே அளவு இதுலயும் ஊத்துங்க. சும்மா ஒரு நாளைக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சரி, இவள் ஆசையைக் கெடுப்பானேன் என்று ஒப்புக்கொண்டேன். சாம்பாரை இடது உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தேன், மக்கில் ஒரு கரண்டி ஊற்றினேன். புளி போட்ட பிறகு ஒரு தடவை, தாளித்த பிறகு ஒரு தடவை, இறக்கும்போது ஒரு தடவை. குருமாவுக்கும் அப்படியே. சோயாவில் செய்த வெஜிடேரியன் மட்டன் பிரட்டலில் வெந்ததா என்று பார்க்க ஒரு துண்டு, காரம் ஏறியதா என்று பார்க்க ஒரு துண்டு. நெய்ச்சோறு ஒரு பிடி. கேசரி ஒரு உருண்டை. பாயாசத்துக்கு மட்டும் ஐந்து தடவை. பாயாசத்தில் ஐந்து தடவை பார்க்க என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கே தோன்றியது.

பத்தரை மணிக்கு மக் நிறைந்தது. அவள் அதை நகர்த்திவிட்டு இரண்டாவது மக்கை வைத்தாள். அதுவும் நிறைந்தது. மூன்றாவதில் பாதிக்கு வந்தபோது கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். இருபது வருடமாகச் சாப்பாடே இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்த சாப்பாடு எல்லாம் நெய் மிதக்க என் முன்னால் வரிசையாக இருந்தது. அவமானம் என்றால் அப்படி ஒரு அவமானம். யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுவாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தச் சீனப் பெண்ணிடம் மக் கதையைச் சொன்னேன். கேலி செய்வாள் என்று நினைத்தேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள். பிறகு, அடுத்த பத்தியத்தின்போது சமையலுக்கே போகாமல் இருக்க முடியுமா என்றாள். முடியாது, இரண்டு கல்யாணத்துக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்றேன். அப்படியானால் யார் ருசி பார்ப்பார்கள் என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கு ஆபரேஷனைவிடப் பயமாக இருந்தது.

வேறு யார்? என் உதவியாள்தான். பழைய கோவிட் காலத்து மாஸ்க் ஒன்றை எடுத்து என் வாயில் மாட்டிவிட்டாள். "கை தானா போவும்க்கா. வாயாவது மூடியிருக்கட்டும்" என்றாள். அவள் ருசி பார்த்து "ஓகேக்கா" என்பாள். எனக்கு நம்பிக்கையே வராது. நல்லா பாரு, இன்னொரு தடவை பாரு என்று பிடுங்கி எடுத்தேன். இரண்டு கல்யாணத்திலும் யாரும் குறை சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அது எனக்குச் சந்தோஷமாக இல்லை. நான் இல்லாமலும் சாம்பார் நன்றாக இருக்கிறதே என்று உள்ளுக்குள் சுருக்கென்றது.

இரண்டாவது தடவை கல்லீரல் வழிவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரைப்பை இப்போது ஒரு வாழைப்பழ அளவுதான் என்றார் டாக்டரம்மா. முதல் மாதம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரும் சூப்பும். பிறகு மசித்தது. குழந்தைக்குக் கொடுக்கும் சின்னக் கரண்டியால் மூன்று கரண்டி சாப்பிட அரை மணி நேரம். உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், மென்றுதான் விழுங்க வேண்டும், வேறு வேலை பார்த்துக்கொண்டே சாப்பிடக்கூடாது. முடி கொத்தாகக் கொட்டியது. என்னைப் பார்க்க வந்தவர்கள் பலகாரத்தை நீட்டி, ஒண்ணே ஒண்ணு என்று கெஞ்சினார்கள். வேண்டாம் என்றால் முகம் சுண்டிப் போனது. நானும் இத்தனை வருடம் அடுத்தவர் இலையில் அப்படித்தான் வற்புறுத்திப் போட்டிருக்கிறேன்.

நாலாவது மாதம் சமையலுக்குத் திரும்பினேன். மாஸ்க் போடவில்லை. பாயாசம் கொதித்ததும் என் இடது உள்ளங்கை விரிந்தது, வலது கை ஊற்றியது, நக்கிவிட்டேன். அடுத்த வினாடியே இன்னொரு தடவை. கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்து, உடம்பெல்லாம் வியர்த்து, கண் இருட்டி, அரிசி மூட்டை மேல் சாய்ந்துவிட்டேன். வெறும் வயிற்றில் அவ்வளவு சீனியும் மொத்தமாகக் குடலுக்குள் இறங்கியதால் வந்த வினை அது. உதவியாள் என் முகத்தில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டாள். நான் தெளிந்து உட்கார்ந்ததும் என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள். கேட்டு வாங்கவில்லை, சும்மா எடுத்துக்கொண்டாள். நானும் கொடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் ஒரு மாசி மாதக் கல்யாணம் வந்தது. முந்நூற்றைம்பது பேருக்கு ராத்திரி விருந்து. சாயங்காலத்துக்குள் எல்லாம் தயாராக வேண்டும். ஒப்புக்கொண்ட பிறகுதான் நாள்காட்டியைப் பார்த்தேன். நோன்பு மாதம். அவள் விடிவதிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூட விழுங்காமல் இருப்பவள். எனக்கோ ஒரு தடவை வாயில் வைத்தால் கை நிற்காது, மறுபடி அரிசி மூட்டைதான். இரண்டு பேரில் ஒருவர்கூட உப்புப் பார்க்க முடியாது. வேறு ஆளை வைக்கலாமா என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "எங்கண்ணன் கடையில புவாசா மாசம் முழுக்க யாருக்கா ருசி பாக்குறது? சாயங்காலம் நோன்பு தொறக்க எரநூறு பேரு வந்து நிப்பாங்க. நாங்க எல்லாரும் பட்டினிதான்."

சாமிக்குப் படைக்கும் பொங்கலை நானும் ருசி பார்க்காமல்தான் பொங்குகிறேன். ஆனால் சாமி குறை சொல்லாது. சம்பந்தி வீட்டார் சொல்வார்கள். அதை அவளிடம் சொன்னேன்.

"உப்பை டின்னுல அளந்து போடுங்க. அப்புறம் மோந்து பாருங்க. உப்பு பத்தலன்னா புளி வாசந்தான் முன்னாடி வந்து நிக்கும். சரியா இருந்தா எல்லா வாசமும் ஒண்ணா வரும்லா."

அன்று சாம்பார் அண்டாவுக்கு முன்னால் நாங்கள் இருவரும் குனிந்து நின்று மோப்பம் பிடித்ததை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆவி மூக்கில் சுட்டது, அவ்வளவுதான். கண்ணை மூடச் சொன்னாள். மூடினேன். இருபது வருடம் சமைத்த சாம்பாரை அன்றைக்குத்தான் நான் நிதானமாக முகர்ந்தேன். அவள் சொன்னபடி புளி முன்னால் நின்றது. இன்னும் அரை டின் போடலாமா என்று அவளிடம் கேட்டேன். ஆறு வருடத்தில் உப்பைப் பற்றி அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது. "போடுங்கக்கா" என்றாள்.

உணவு வெளியே போனது. பந்தி தொடங்குவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. நோன்பு திறக்கும் பாங்கு நேரம் ஆனதும் அவள் மண்டபத்தின் பின்பக்கம் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு பேரீச்சம்பழம், தண்ணீர், பிறகு ஒரு தட்டில் எங்கள் சோறும் சாம்பாரும். நான் நின்றுகொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். நிதானமாக மென்றாள். அவ்வளவு பசியிலும் அவசரப்படவில்லை.

"உப்பு கொஞ்சூண்டு கம்மிக்கா" என்றாள். "ஆனா கெட்டுப்போவல. ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். என் சின்னக் கரண்டியை எடுத்து அவள் தட்டின் ஓரத்திலிருந்து மூன்று கரண்டி சாப்பிட்டேன். அரை மணி நேரம் ஆனது. அவள் எனக்காகக் காத்திருந்தாள். அன்று பந்தியில் ஒருவரும் உப்பைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தாலும் எனக்கு எழுந்து ஓடத் தோன்றியிருக்காது.

இப்போது என் எடை எழுபத்தொன்பது கிலோ. எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் தூக்கம் வருவதில்லை. உப்பு அவளுடைய இலாகா. என்றாலும் பாயாசம் கொதிக்கும் சத்தம் கேட்டால் என் இடது உள்ளங்கை இன்றும் தானாக விரிகிறது. ஒரு பொய்கூடச் சொல்லாமல் என்னை இருபது வருடம் ஏமாற்றிய கை அது என்பது நினைவுக்கு வரும்போது, மெதுவாக மூடிக்கொள்கிறேன்.