கத்திரி இலைகளுக்கு விளக்கெண்ணெய்

விளக்கெண்ணெயின் கொழகொழப்பும் வாடையும் விரலில் படும்போதெல்லாம் எனக்கு எட்டாம் வகுப்புக் கோடைதான் நினைவுக்கு வருகிறது. அன்னூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அந்த வருடம் "போர்" என்கிற ஆழ்துளைக் கிணறு வற்றிப்போய், வாரம் இருமுறை வரும் லாரித் தண்ணீரை நம்பித்தான் குடித்தனம் நடந்தது. அம்மா நூல் மில்லில் வேலை பார்த்தாள். ஷிஃப்ட் முடிந்து தலையெல்லாம் பஞ்சோடு வந்து, உட்காரக்கூடச் செய்யாமல், பாத்திரம் கழுவிய தண்ணீரைக் குடத்தில் சுமந்து, வீட்டுக்குப் பின்னால் நின்ற நாற்பது கத்திரிச் செடிகளுக்கு ஊற்றுவாள். எங்கள் குழம்புக்குக் காய் அதுதான்.

பள்ளியில் ஒருநாள் இலையின் அடித்தோலை உரித்து மைக்ராஸ்கோப்பில் காட்டினார்கள். உதடுகள் போல இரண்டு செல்கள், நடுவே ஒரு துளை. நீர் ஏறினால் அவை உப்பித் துளை திறக்கும், நீர் குறைந்தால் தளர்ந்து மூடிக்கொள்ளும் என்றார்கள். செடி குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி அந்த வழியாகத்தான் ஆவியாகிப் போகிறது என்றதும், அம்மா இடுப்பில் குடத்தோடு நடப்பதுதான் என் கண்ணில் நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வேலைக்குப் போனதும், எண்ணெய்க் கிண்ணமும் பழந்துணியுமாகப் பின்னால் போய், ஒவ்வொரு இலையையும் திருப்பி அடியில் பூசினேன். முடிக்க மதியமாகிவிட்டது. முதுகு வலித்தது, மனம் நிறைந்திருந்தது.

ஐந்தாறு நாளில் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கின. வேலையிலிருந்து வந்த அம்மா ஓர் இலையைத் திருப்பித் தடவி, விரலை முகர்ந்து பார்த்தாள்.

"ஏன் கண்ணு, எண்ணெய் பூசுனது நீயா?"

"தண்ணி வெளிய போயிருமுன்னு மூடிப்போட்டனுங்கம்மா. நீங்க தெனமும் சொமக்கறீங்கல்ல..."

அடி விழும் என்று நின்றேன். அம்மா குனிந்து அடுத்த செடியின் இலையையும் திருப்பிப் பார்த்தாள்.

"அதுக்கும் மூச்சு வுடோணுமல்ல அம்மணி" என்றாள்.

பிறகு உள்ளே போய், தான் தலைக்கு ஊற்றிக்கொள்ள வைத்திருந்த வாளித் தண்ணீரையும், எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் "அரப்பு"த் தூளையும் எடுத்துவந்தாள். இருவரும் இலை இலையாகக் கழுவினோம். தண்ணீர் தீர்ந்துவிட்டது. அடுத்த லாரி வர மூன்று நாள் ஆனது. மூன்று நாளும் அம்மா பஞ்சு படிந்த தலையை அப்படியே முடிந்துகொண்டு மில்லுக்குப் போனாள். ஆறு செடிகள்தான் பிழைத்தன.

கல்லூரியில்தான் எனக்கு விளங்கியது. வேர் காய்ந்தால் இலைக்குச் சேதி போய்விடுகிறது. என் உதவி இல்லாமலேயே அந்தச் செடிகள் வெயிலில் தங்கள் துளைகளை மூடிக்கொண்டு, காலைக் குளிர்ச்சியில் மட்டும் கொஞ்சம் திறந்து, உணவு செய்யக் காற்றை வாங்கிச் சமாளித்துக்கொண்டிருந்தன. அந்தக் காலை நேரத்தையும் நான்தான் அடைத்துவிட்டேன்.

இன்று அந்த இடத்தில் கத்திரியும் இல்லை, வீடும் இல்லை. மனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். அம்மா என்னோடு போத்தனூரில் இருக்கிறாள். போன வாரம், வேலை முடிந்து வந்த களைப்பில், எதற்கோ அந்தக் கதையை எடுத்து மன்னிப்பும் கேட்டுவிட்டேன்.

"கத்திரியா? மொளகாயில்ல வெச்சிருந்தோம்?" என்றாள். "செடியெல்லாம் எங்க கண்ணு நெனப்பிருக்குது. அந்த வருசம் பூராவும் தூக்கம் பத்தாமயே கெடந்தேன், அது மட்டுந்தான் தெரியுது."

சொல்லிவிட்டு நாற்காலியிலேயே கண்ணயர்ந்தாள். எழுந்துபோய் விளக்கைப் போடக்கூடத் தெம்பில்லாமல் நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.