சுவரில் ஏறிய தங்கபாய் அக்கா

பாறசாலைப் பக்கத்திலிருக்கும் எங்கள் மிஷன் ஆஸ்பத்திரி அடுத்த மாதம் புதிய நிர்வாகத்துக்குக் கைமாறுகிறது. இன்று மாத்திரை வாங்கப் போனால், அங்கே உள்ளூர் ஊழியர்களுக்கு நன்றி சொல்லும் கூட்டம்.

புதிய இயக்குநர் உருக்கமாகப் பேசினார். பிறகு, சமையலறையில் வேலை பார்க்கும் தங்கபாய் அக்கா முதல் எல்லோருடைய படங்களையும் சட்டம் போட்டு, பழைய மிஷனரிகளின் படங்களுக்கு அருகில் மாட்டினார்.

அந்தச் சுவரில் இதுவரை உயிரோடிருக்கும் யாருக்கும் இடம் கிடைத்ததில்லை.

தன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்ற அக்கா என் பக்கம் திரும்பினார்.

"மக்கா, கீழ 'நன்றியுடன்'னு எழுதியாச்சு. இனி மாலை மட்டுந்தான் பாக்கி உண்டு."

அக்கா நேராக இயக்குநரிடம் போனார்.

"அய்யா, ஒண்ணாந்தேதிக்குப் பெறவு நான் வேலைக்கு வரணுமா, வேண்டாமா?"

அவர் அக்காவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"ஜெபிப்போம் அம்மா."

நானும் இந்த மிஷன் சபைக்காரன்தான். பெண் கேட்டாலும் வேலை கேட்டாலும், இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லும் வழக்கம் எங்களிடம் கிடையாது. அதற்காகத்தான் ஜெபம் இருக்கிறது.

'ஜெபிப்போம்' என்ற பதிலுக்குப் பிறகும் வேலையில் நீடித்தவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். அக்கா இன்னும் அந்தச் சுவரடியில்தான் நிற்கிறார். அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.