தெர்கியாவின் கண் மை

ஸ்ஃபாக்ஸ் நகரில் பாதிப் பேரின் இமைகளைப் பிளாஸ்திரியால் ஒட்டியவள் நர்ஸ் மன்னூபியா. கொஞ்சம் ஊதித்தான் சொல்கிறேன். மயக்க மருந்து ஏறினால் கண்ணீர் குறையும், இமையும் சரியாக மூடாது. கண் காய்ந்து புண்ணாகலாம்.

கல்யாண உடைகளுக்குச் சரிகைப்பூ தைக்கும் தெர்கியா, பித்தப்பை அறுவைக்கு மை அப்பிக்கொண்டு வந்து படுத்தாள்!

“அடியேய், இந்த மையில பிளாஸ்திரி நிக்காதுடி!”

“மை இல்லாம வந்தா ஊர் என்ன பேசும், அக்கா?”

“கண்ணு போனா, ஊர் வந்து ஊசியில நூல் கோக்குமா?”

டாக்டர் அவசரப்படுத்தியும், மையை முழுதாக வழித்தெடுத்த பிறகே மன்னூபியா மயக்க மருந்து கொடுக்க விட்டாள். இமைகளை அழுத்தி ஒட்டினாள். மறுநாள் தெர்கியா ஒரே தடவையில் நூல் கோத்துவிட்டாள்!

எழுதிய இதை மன்னூபியாவுக்கு வாசித்துக் காட்டினேன். பக்கத்திலிருந்த தெர்கியா சிரித்தாள்: “பொய்! மூணாவது தடவைதான். கைதான் நடுங்கிச்சு, கண்ணு பளிச்சுன்னு இருந்துது.”