அக்காவின் வெறுங்கை

அந்தப் பெட்டி இப்போதும் எங்கள் வீட்டுப் பரண்மேல் இருக்கிறது. நீல நிறச் சூட்கேஸ். பூட்டு உடைந்துபோனதால் நடுவில் ஒரு கறுப்புப் பட்டையைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டிருக்கும். கயிறு கிடைக்காத அவசரத்தில் அக்கா கட்டியது. கராத்தேயில் அவள் வாங்கிய கறுப்பு பெல்ட் அது. அதை வாங்கிக்கொண்டு இராமநாதபுரத்திலிருந்து அவள் வந்து இறங்கிய நாளில், எங்கள் ஊரான சிக்கலின் கடைத்தெருவில் கண்ணில் பட்டவனுக்கெல்லாம் எங்கள் அய்யா டீ வாங்கிக் கொடுத்தார். "எம்மகள இனிமே எவனும் தொட முடியாதுல்ல" என்றார். தொட்டான். அவர் பார்த்துக் கட்டிவைத்தவனே தொட்டான்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அக்கா கராத்தே கற்கப் போனாள். மிளகாய் காயப்போட்ட களத்தின் ஓரத்தில் நின்று காலும் கையும் வீசிப் பழகுவாள். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று எனக்குச் சொன்னவளும் அவள்தான். ஜப்பான் மொழியில் 'கரா' என்றால் வெறுமை, 'தே' என்றால் கை. வெறுங்கை. "ஆயுதம் இல்லாத கைனு மட்டும் நெனைக்காதலே. அது பாதிதான். உள்ளயும் ஒண்ணும் இருக்கக் கூடாது. கோவம், பயம், நாந்தான் பெரியாளுங்கிற நெனப்பு, எதுவும். அந்த எழுத்துக்கு ஆகாயம்னும் ஒரு அர்த்தம் இருக்காம்" என்றாள். அதனால்தான் கராத்தேயில் முதல் அடி கிடையாது, தடுப்பதுதான் முதல் என்பாள். அம்மா மிளகாய்க் காம்பைக் கிள்ளிக்கொண்டே, "வெறுங்கை மொழம் போடுமாடி? போயி அடுப்பப் பாரு" என்பாள். அக்கா விடமாட்டாள். முழங்கையை மடக்கி அம்மாவின் முதுகை அளந்து, "ஒன்றரை மொழம் இருக்கம்மா. போட்டுட்டேன் பாரு" என்பாள்.

கமுதியில் கட்டிக்கொடுத்தோம். அந்த ஆளை அத்தான் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வேண்டாம். "என்னப்பா, ஒங்க வீட்ல யாரு யார அடிக்கிறது?" என்று கூட்டாளிகள் அவனைக் கேலி செய்வார்களாம். அந்தக் கேலிக்கான பதிலை அவன் வீட்டுக்கு வந்து சொன்னான். பிள்ளை பிறந்த பிறகும் சொன்னான். ஒருநாள் கண் மூடும் அளவுக்கு முகம் வீங்கியிருந்தது. நான்தான் அவளைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனேன். அங்கே இருந்த ஏட்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "கராத்தே படிச்ச புள்ளைய எவன்மா அடிப்பான்? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்."

பிறகு ஒரு சாயங்காலம் அவன் விறகுக் கட்டையைத் தூக்கினான். அக்காவின் இடுப்பில் பிள்ளை இருந்தான். அவள் தடுத்தாள். தடுத்தது மட்டும்தான். அவன் மணிக்கட்டு எலும்பு விட்டுப்போனது. அவள் முகத்தைப் பார்த்து நம்பாதவர்கள் எல்லோரும் அவன் கையில் இருந்த மாவுக்கட்டைப் பார்த்ததும் நம்பினார்கள். ஊர்க்கூட்டம் போட்டார்கள். "புருசன் கைய ஒடிச்சவகிட்டப் புள்ளைய எப்புடி விடுறது?" என்று கேட்டார் ஒரு பெரியவர். மாமியார் சொன்னாள்: "வெறுங்கையோட வந்தவ. வெறுங்கையோடவே போகட்டும்." எங்கள் அய்யா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குள் பிள்ளையை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

பஸ்ஸில் அந்தச் சூட்கேஸை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். நான் பொறுக்க முடியாமல் கத்தினேன். "ரெண்டு குத்து விட்ருக்கலாம்லக்கா. மொத நாளே அடங்கிருப்பான்."

"அடிச்சிருந்தா கை நெறஞ்சு போயிருக்கும்லே. அத வச்சு எம்புள்ளைய எப்புடித் தூக்குவேன்?"

எனக்கு அன்றைக்கு வந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை. நல்ல பேச்சுதான், நான் மறுக்கவில்லை. உள்ளே இருக்கும் அகங்காரத்தைக் காலி செய் என்பதை எந்த நாட்டுக்காரன் சொன்னாலும் சரிதான். ஆனால் அதை அடி வாங்குகிறவள் மட்டும் கற்றால் போதுமா? கட்டையைத் தூக்கினானே, அவனுக்கு எவன் சொல்லிக்கொடுத்தான்? அவனைப் பெற்றவள் சொன்னாளா? நியாயம் பேசிய ஊர் சொன்னதா? அவன் கோபத்தை நிரப்பிக்கொண்டே இருப்பானாம், இவள் வெறுமையாக நிற்க வேண்டுமாம்.

பிள்ளைக்காகப் போட்ட வழக்கு இராமநாதபுரம் கோர்ட்டில் வாய்தா வாய்தாவாக நடக்கிறது. பயிற்சி பெற்ற கை, குழந்தைக்கு ஆபத்து என்று அவர்களுடைய வக்கீல் வாதாடுகிறார். போன வாய்தாவுக்குப் பையனைக் கூட்டி வந்திருந்தார்கள். 'அம்மா அடிப்பா' என்று சொல்லியே வளர்த்திருக்கிறார்கள். அக்காவைக் கண்டதும் பாட்டியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தான். அவள் கிட்டே போகவில்லை. நின்ற இடத்திலேயே குனிந்து இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். "பாருய்யா, ஒண்ணுமில்ல" என்றாள். அவன் இன்னும் உள்ளே ஒடுங்கினான்.

வீட்டுக்கு வந்த பிறகு, பரணை ஒதுக்குவோம் என்று அந்தப் பெட்டியை இறக்கினேன். முடிச்சில் கை வைத்ததும், "அவுக்காதலே" என்றாள். உள்ளே அவளுடைய சேலை ஒன்றுகூடக் கிடையாது. ஊர்க்கூட்டத்துக்குப் போகும் முன்பு, எப்படியும் பிள்ளையோடுதான் ஊர் திரும்புவோம் என்று நம்பி அவள் மடித்து வைத்த அவனுடைய சட்டைகள்தான். அவன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அதில் ஒன்றும் அவனுக்குப் பத்தாது. அவளுக்கும் அது தெரியும். தளர்ந்திருந்த பெல்ட்டை இழுத்து இறுக்கி, பெட்டியை அவளே தூக்கி மறுபடியும் மேலே வைத்தாள்.