தொகாஷி பேரை யாரும் சொல்லக் கூடாது

மிசுவே அக்கா டாக்சி ஓட்டுகிறவள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேலை. வேலை இல்லாத நாளெல்லாம் பெலிகன்ஸ் பேஸ்பால் கிளப்பின் ரெண்டாம் அணி மைதானத்தில், மூன்றாவது பேஸ் பக்கத்து மூலையில், தலையில் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருப்பாள். முப்பது வருஷமாக இதே கதை. முதல் அணியின் ஆட்டத்தை நாடே டி.வி.யில் பார்க்கிறது. அக்காவுக்கு அது வேண்டாம். "அங்க இருக்கறது வெந்த சோறு. அரிசி கொதிக்கிறதை இங்கதான் பாக்க முடியும்" என்பாள்.

பதினெட்டு வயசுப் பையன் பேட்டைத் தூக்கிக்கொண்டு நடந்து வருகிற நடையை வைத்தே தேறுவானா மாட்டானா என்று சொல்லிவிடுவாள். தேறுவான் என்று அவள் சொன்னவர்களின் கதையைக் கேளுங்கள். இடது கை பிட்சர் இனுகாய். "பத்து வருஷத்துக்கு இவன்தான் நம்ம ராஜா" என்றாள். அடுத்த மாசமே தோள் போய், இப்போது பக்கத்து ஊரில் ராமென் நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறான். கேட்சர் ஷிமோமுரா. "ஆளு கல்லு மாதிரி இருக்கான் பாருங்க" என்றாள். அந்த அக்டோபரிலேயே அணி கழற்றிவிட்டது. இன்று தீயணைப்பு நிலையத்தில் ஏணி தூக்குகிறான். ஷார்ட்ஸ்டாப் இடத்தில் ஆடிய கமேதா மட்டும் பிழைத்தான். எப்படி? அக்கா புகழ்ந்த அதே வாரம் அவனை வடக்கே வேறொரு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே போய், எங்களுக்கு எதிராகவே வெளுத்து வாங்கினான்.

"என் கண்ணு சரிதான்யா. அவனுங்க நேரம் சரியில்ல" என்பாள் அக்கா.

"கண்ணு சரிதான்க்கா. வாய்தான் சரியில்ல" என்பேன் நான்.

நான் கஜிதானி. டோஃபு கடை வைத்திருக்கிறேன். விடியும் முன்னே அடுப்பு மூட்டினால் பதினோரு மணிக்குக் கடையைக் கட்டிவிட்டு ஆட்டத்துக்கு ஓடி வந்துவிடலாம். இந்தத் தொழிலை விடாமல் செய்வதற்கு உண்மையான காரணம் அதுதான். என் பெண்டாட்டிக்குத் தெரிய வேண்டாம். எனக்கு அந்தப் பக்கம் ஹோரியே சார், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஒவ்வொரு பந்தையும் நோட்டில் குறிப்பார். எங்களையும் சேர்த்து அந்த மூலையில் இருபது பேர், எல்லாரும் கழன்ற கேஸ்கள்தான்.

கொடுமை என்னவென்றால், பையன்கள் தங்கும் விடுதியிலிருந்து டாக்சிக்குக் கூப்பிடுவதும் அக்காவைத்தான். அக்டோபர் மாசம் காலையில் அந்த அழைப்பு வந்தால் அவளுக்கு விஷயம் புரிந்துவிடும். ஜெர்சியைத் தவிர வேறு துணியே தெரியாத பையன் சூட்டும் டையுமாகப் படியிறங்கி வருவான். அணி அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருப்பார்கள். சூட் போட்டு வரச் சொன்னால் கதை முடிந்தது என்று அர்த்தம். இதுவரை உழைத்ததற்கு நன்றி என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இப்படிப் பதினோரு பையன்களை அக்கா கொண்டுபோய் விட்டிருக்கிறாள். அதில் ஏழு பேர் அவள் வாயால் தேறுவான் என்று சொன்னவர்கள்.

இந்த லட்சணத்தில்தான் தொகாஷி வந்து சேர்ந்தான்.

முதுகில் 127 என்ற எண். மூன்று இலக்க எண் என்றால் பயிற்சிக்கு எடுத்த பையன். முதல் அணியில் கால் வைக்க முடியாது. இரண்டு இலக்க எண் கிடைத்தால்தான் மனுஷன். மூன்று வருஷம் பார்ப்பார்கள். மூன்றாவது வருஷம் ஜூலை முப்பத்தொன்றுக்குள் எண் மாறவில்லையென்றால் அக்டோபரில் சூட்தான். முதல் இரண்டு வருஷம் தொகாஷி அடித்த காற்றில் எங்களுக்கு ஜலதோஷம் பிடித்ததே தவிர, பந்து பேட்டில் பட்டதாக ஞாபகம் இல்லை. மூன்றாவது வருஷம், ஏப்ரல் தொடக்கத்தில், பையனுக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. வேலிக்கு மேலே ஒரு அடி அடித்தான் பாருங்கள், பந்து சாலையைத் தாண்டி மீன் மார்க்கெட்டின் ஐஸ் லாரியில் போய் விழுந்தது. மறுநாள் இன்னொன்று. அந்த வாரமே மூன்றாவது.

எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஹோரியே சார் அவசரத்தில் வேறு பையன் கட்டத்தில் எழுதிவிட்டார். நான் யாரென்றே தெரியாத ஒருவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அக்கா கண்ணில் நீர் தளும்ப எழுந்து நிற்கிறாள்.

"இந்தப் பையன் இருக்கானே..." என்று ஆரம்பித்தாள்.

நான் யோசிக்கவே இல்லை. கையிலிருந்த சோற்று உருண்டையை அப்படியே அவள் வாயில் திணித்துவிட்டேன்.

அன்றைக்கே பஞ்சாயத்து கூடியது. எண் மாறுகிற வரைக்கும் அக்கா தொகாஷியைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது, பேரைக்கூடச் சொல்லக் கூடாது என்று ஹோரியே சார் தீர்ப்புச் சொன்னார்.

"நான் மட்டும் எதுக்கு?" என்று அக்கா எகிறினாள். "பதினேழு வருஷமா என்னை ஒட்டிக்கிட்டே உக்காந்திருக்கீங்க. உங்களுக்கும் தொத்தியிருக்காதா?"

 நியாயமான கேள்வி. இருபது பேரும் சத்தியம் செய்தோம்.

ரெண்டாம் அணி ஆட்டத்தில் டிரம்பெட் கிடையாது, மேளம் கிடையாது. இருப்பதெல்லாம் தொண்டைதான். ஒவ்வொரு பையனும் பேட் பிடிக்க வரும்போது எங்கள் மூலை அவன் பேரைச் சொல்லிக் கத்தும். நேற்றுச் சேர்ந்தவனுக்கும் கத்துவோம், பத்து ஆட்டமாக அவுட் ஆகிறவனுக்கும் கத்துவோம். தொகாஷி வரும்போது மட்டும் கப்சிப். நான் வானத்தைப் பார்ப்பேன். அக்கா துண்டைப் பல்லில் கடித்துக்கொள்வாள். சில சமயம் பையன் எங்கள் பக்கம் ஒரு நிமிஷம் பார்ப்பான். நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். மே, ஜூன், ஜூலை இப்படியே போயிற்று. பையன் அடித்துக்கொண்டே இருந்தான், அணி அலுவலகம் வாயைத் திறக்கவே இல்லை. ஜூலை முப்பதாம் தேதி ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

முப்பத்தொன்று காலை பத்து மணிக்குக் கடையில் போன் அடித்தது.

"கஜிதானி, விடுதியில கூப்பிட்டாங்க. வாசல்ல நிக்கிறேன்" என்றாள் அக்கா.

"யாருக்காம்?"

"தெரியல. கதவைத் திறக்கறாங்க. இரு... ஐயோ."

"என்னக்கா?"

"அவன்தான்யா. சூட்டு."

பேரைச் சொல்லாமலே எனக்குப் புரிந்துவிட்டது. அக்டோபர் வரைக்கும்கூடப் பொறுக்காமல் அனுப்புகிறார்கள். காரின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அக்கா அவசரத்தில் போனை அணைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். நல்ல மனுஷன் என்றால் அப்போதே போனைக் கீழே வைத்திருப்பான். நான் வைப்பேனா?

"அணி அலுவலகம் போகணும், டிரைவரம்மா." பையனின் குரல்.

"தெரியும் தம்பி. ஏசி போதுமா?"

"போதுங்க."

வண்டி கிளம்புகிற சத்தம். அப்புறம் அக்கா, "சூட்டு நல்லாயிருக்கு" என்றாள்.

"ஊர்ல இருபது வயசு ஆனவங்களுக்கு நடத்தற விழாவுக்கு அம்மா எடுத்துக் கொடுத்தது. கைதான் குட்டையாயிடுச்சு."

"பேட்டை அந்தச் சுத்து சுத்தினா கை வளராம என்ன பண்ணும்? தம்பி, ஒண்ணு சொல்றேன். இதோட உலகம் முடிஞ்சுடல."

"இல்லீங்க, அது வந்து..."

"எங்க கம்பெனியில ஆள் எடுக்கறாங்க. நான் ஒரு வார்த்தை சொல்றேன்."

"எனக்கு லைசென்ஸே இல்லீங்க."

"அதெல்லாம் கம்பெனியே கத்துக்கொடுக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேலை. மீதி நாள் ஆட்டம் பாக்க வரலாம். எங்க மூலையில இடம் இருக்கு." ஸ்டியரிங்கை அறைகிற சத்தம். "என்ன ஆட்டம், இனி எனக்கு என்ன ஆட்டம்? முப்பது வருஷமா பாக்கறேன், உன்னை மாதிரி அடிக்கற ஒருத்தனை நான் பாத்ததில்ல. தொகாஷி, உன் பேட்ல பந்து படற சத்தத்தைக் கேக்கத்தான் நான் ஓடி வரேன். உன்னை அனுப்பறவனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? தொகாஷி, நீ..."

"வேண்டாம்க்கா, வேண்டாம்!" என்று நான் கடையில் நின்று கத்துகிறேன். எங்கே கேட்கப் போகிறது? நாலு மாசம் அடக்கி வைத்ததெல்லாம் கொட்டியது. பேரை மட்டும் எட்டு தடவை சொன்னாள்.

அவள் மூச்சு வாங்குகிற நேரம் பார்த்துப் பையன் மெதுவாகச் சொன்னான்: "டிரைவரம்மா, மூணு மணி வரைக்கும் யார்கிட்டயும் எதுவும் சொல்லக் கூடாதுன்னு ஆர்டர். அதனால நான் எதுவும் சொல்லல. ஆனா அந்த வேலைக்கு இப்போதைக்கு ஒண்ணும் சொல்லி வைக்காதீங்க."

பிரேக் கிறீச்சிட்டது.

"மூணு மணின்னா? பத்திரிகைக்காரங்க வராங்களா?"

"நான் எதுவும் சொல்லலீங்க."

"கையெழுத்தா? புது நம்பரா?"

"நான் எதுவும் சொல்லலீங்க."

"கையெழுத்துப் போட்டாச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லு!"

"எங்கங்க போடறது? நீங்கதான் வண்டியை நடு ரோட்டுல நிறுத்திட்டீங்களே."

"ஐயோ பாவி, அதுக்குள்ள வாயைத் திறந்துட்டேனே!" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் எனக்கே கேட்டது. பையன் பயந்துபோய் என்ன என்று கேட்க, ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். இனுகாயின் தோள், ஷிமோமுராவின் ஏணி, சோற்று உருண்டை, இருபது பேரின் சத்தியம், எல்லாம்.

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அதனாலதான் யாரும் கத்தலையா?" என்றான். "நான் வேற மாதிரி நினைச்சுட்டேங்க. மத்தவங்க போனா பேர் சொல்லிக் கத்துவீங்க. நான் போனா மட்டும் எழவு வீடு மாதிரி ஆயிடும். ஒவ்வொரு தடவையும் அந்த மூலையைப் பாத்துட்டுத்தான் நிப்பேன், ஒரு குரலாவது வராதான்னு. இங்க என்னை யாருக்கும் பிடிக்கலன்னு அம்மாகிட்டகூடச் சொன்னேன்."

நான் போனை வைத்துவிட்டேன். அதற்கு மேல் கேட்க முடியவில்லை. ஐம்பத்தைந்து வயசாகிறது, எனக்கு என் மேலேயே அவ்வளவு வெறுப்பு வந்தது. நாங்கள் பையனைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். தனியாக நிற்க வைத்திருந்திருக்கிறோம்.

மத்தியானம் அக்கா சீருடையும் வெள்ளைக் கையுறையுமாக மைதானத்துக்கு வந்துவிட்டாள். அன்றைய ஆட்டத்தில் தொகாஷி பேர் இல்லை. நாங்கள் ஆட்டத்தைப் பார்க்கவும் இல்லை, ஹோரியே சாரின் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று மணி ஆயிற்று. மூன்று பத்து. ஒன்றும் வரவில்லை.

"முடிஞ்சுது. நாசமாப் போன வாய்" என்றாள் அக்கா.  மூன்று இருபதுக்கு ஹோரியே சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வகுப்பில் விடை சொல்வது போல, "அறுபத்து நாலு" என்றார்.

இரண்டு வினாடி யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் நாங்கள் போட்ட சத்தத்தில், பந்து வீசப்போன பிட்சர் பின்வாங்கி நடுவரைப் பார்த்தான். அக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்?

மறுநாளும் எங்கள் மைதானத்தில்தான் ஆட்டம். அவன் முதல் அணிக்குப் போக இன்னும் ஒரு நாள் இருந்தது. முதுகில் புத்தம் புது 64. முதல் தடவை அவன் பேட் பிடிக்க வந்தபோது இருபது பேரும் எழுந்து, நாலு மாசத்துக்கும் சேர்த்துக் கத்தினோம். மூன்று பந்து. மூன்றுக்கும் காற்றைத்தான் அடித்தான். அவுட்.

அக்காவின் முகம் செத்துவிட்டது. "பாத்தீங்களா? பாத்தீங்களா? அடுத்த தடவை எவனாவது வாயைத் திறந்தீங்க, கொன்னுடுவேன்" என்று துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டாள். எங்களுக்கும் அதுதான் சரி என்று பட்டது.

ஐந்தாவது இன்னிங்ஸில் மறுபடி வந்தான். மூலை கப்சிப். பையன் பேட் பிடிக்கிற கட்டத்தின் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். உள்ளே கால் வைக்கவில்லை. பேட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு எங்கள் மூலையைப் பார்த்தான். நடுவர் ஏதோ சொன்னார். பையன் தலையாட்டினான், ஆனால் அசையவில்லை. நடுவர் மறுபடி, இந்தத் தடவை கையை நீட்டிச் சொன்னார். அவன் கண் அக்கா மேலேயே இருந்தது.

அக்கா துண்டைக் கீழே போட்டாள்.

"தொகாஷீ!"

துறைமுகத்தில் நின்ற கப்பலுக்கே கேட்டிருக்கும். பையன் சிரித்துக்கொண்டே உள்ளே போய் நின்றான். முதல் பந்தையே அடித்தான். நேராக ரெண்டாவது பேஸ்காரன் கைக்குப் போயிற்று. அவுட்தான். நாங்கள் உட்காரவே இல்லை, இருபது பேரும் அவன் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தோம்.