படத்துக்குள் வராத சித்தி

மலாக்கா வெக்கையில் பழைய ஜூம் லென்ஸின் ரப்பர் வளையம் பிசுபிசுத்துப் போய்விடும். விரலை எடுத்தால் தோலோடு ஒட்டிக்கொண்டு வந்து மெல்லப் பிரியும். முகர்ந்து பார்த்தால் கொஞ்சம் வியர்வையும் கொஞ்சம் பிஸ்கட்டும் மணக்கும். பூசணம் பிடிக்காமலிருக்க எங்கள் வீட்டில் லென்ஸ்களைப் பெரிய பிஸ்கட் டின் ஒன்றில், புதுச் சப்பாத்துப் பெட்டிகளில் காலணியோடு கிடக்குமே ஈரம் உறிஞ்சும் சின்னச் சின்னப் பொட்டலங்கள், அவற்றோடு போட்டு மூடி வைப்போம். அந்த டின்னும் லென்ஸும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. ரப்பரைத் தொட்டால் கையைக் கழுவத் தோன்றும். பிசுபிசுப்பு மட்டும் அதற்குக் காரணமில்லை.

பாச்சாங்கில் நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் என்னோடு வேலை செய்யும், புதிதாகத் தாயான ஒரு பெண் இரண்டு வாரத்துக்கு முன் என்னிடம் கேட்டாள், வீட்டுக்குள் பிள்ளையைப் படமெடுக்க ஜூம் வாங்குவதா, பிரைம் வாங்குவதா என்று. ஜூம் என்றேன், அவள் கேட்டு முடிப்பதற்குள். பிரைமில் வெளிச்சம் நன்றாக விழும், பின்னணி அழகாக மங்கும், கடைக்காரர்கள் அதைத்தான் புகழ்வார்கள், ஆனால் வீடு சின்னது என்றால் ஜூம்தான் என்று அடித்துச் சொன்னேன். இதில் என்ன அவ்வளவு அவசரம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மழுப்பியிருப்பேன். முகம் தெரியாத உங்களிடம் சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

அப்போது நான் படிவம் மூன்றில் இருந்தேன், பதினைந்து வயது. புக்கிட் ரம்பாயில் மலிவுவிலை வீடுகளின் வரிசையில் எங்களுடையது நடுவீடு. அம்மா பக்கத்திலேயே ஒரு ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை, அப்பா லோரி ஓட்டினார். சிங்கப்பூரில் வேலை செய்த மாமா, அம்மாவின் தம்பி, தான் புதுக் கேமரா வாங்கியதும் பழையதை ஜூம் லென்ஸோடு எனக்குக் கொடுத்துவிட்டார். தெருவில் யாருக்கும் அப்படிப்பட்ட கேமரா கிடையாது. நான் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன், மல்லித்தழை வாங்க.

அந்த ஜூமால் வீட்டுக்குள் எடுத்த படங்களை ஃபேஸ்புக்கில் போட்டேன். ஜூம் என்றால் வளையத்தைத் திருப்பத் திருப்பக் காட்சி விரியும், சுருங்கும். விரித்து வைத்தால் சின்ன ஹால்கூட முழுதாக வந்துவிடும். வந்தது. தம்பியின் பிறந்தநாள் கேக்கோடு, மழைக்காலமென்று ஹாலுக்குள் கட்டியிருந்த கொடியும் அதில் காய்ந்த அப்பாவின் கைலியும், மூலையில் அரிசி மூட்டையும், கூரைக்கடியில் இருந்த தண்ணீர்த் தொட்டி கசிந்து சுவரில் படர்ந்திருந்த கறையும் வந்தன. பாச்சாங்கில் பெரிய கோர்னர் வீட்டில் இருந்த என் வகுப்புத் தோழி அதன் கீழே எழுதினாள்: "உங்க வீட்டுக்குள்ளேயே பாசார் மாலாம் போடுறாங்களா?" தெருவை அடைத்துக் கடை விரிக்கும் இரவுச் சந்தையைச் சொன்னாள். நாற்பது பேர் அதற்குச் சிரிப்புக் குறி போட்டார்கள். நானும் போட்டேன். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மாமா அந்த ஆண்டு கிறிஸ்மஸுக்கு இன்னொரு லென்ஸ் வாங்கித் தருவதாகச் சொன்னபோது நான் கேட்டது பிரைம். ஒரே பார்வை கொண்ட லென்ஸ் அது, விரியாது, சுருங்காது. ஐம்பது மில்லிமீட்டர் என்பதால் நாங்கள் அதை 'ஃபிப்டி' என்போம். எதன்மேல் குறி வைக்கிறோமோ அது மட்டும் பளிச்சென்று தெரியும், பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துபோகும். கறை, கைலி, மூட்டை எதுவும் இருக்காது. வீட்டுக்குள் வெளிச்சம் பத்தவில்லை மாமா, அதனால்தான் என்றேன். அது பொய்யுமில்லை. மாமா மட்டும் இரண்டு முறை கேட்டார். "வீட்டுக்குள்ள எடுக்க உன்கிட்ட இருக்கிற ஜூமே போதும்லா. ஃபிப்டின்னா லென்ஸ் நகராது, நீதான் பின்னால நடக்கணும். அந்த ஹால்ல எங்க போய் நடப்ப?" நான் பிடித்த பிடியை விடவில்லை.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. டிசம்பரின் கடைசி ஞாயிறு எங்கள் வீட்டில் நன்றி ஜெபம் நடக்கும். பாஸ்டர் ஜெபித்து முடித்துப் புறப்பட்டதும், சாப்பாட்டுக்கு முன்பாக, அப்பாவின் கூடப்பிறந்தவர்களும் அவர்கள் குடும்பங்களும் ஹாலில் நின்று ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்வோம். அந்தப் படம் சட்டத்துக்குள் போகும். போன ஆண்டுப் படத்தைக் கழற்றி எறியாமல் புதியது அதற்குமேல் ஏறும். இன்னார் இந்தக் குடும்பம் என்று சொல்ல எங்களுக்கு அந்தச் சட்டம்தான் சாட்சி. யாருக்காவது பெண் பார்க்க வருகிறவர்கள்கூட முதலில் அதன் முன்னால்தான் போய் நிற்பார்கள்.

அதில் ஆறு ஆண்டாக இல்லாதவர்கள் சித்தப்பாவும் சித்தியும். அப்பாவின் தம்பியான சித்தப்பா, கோயிலுக்குப் போகிற இந்து வீட்டுப் பெண்ணை விரும்பிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அப்பாவும் பெரியப்பாவும் அதற்குப் போகவில்லை. சித்தப்பாவும் சித்தியும் பாயா ரும்புட்டில் தனியாக இருந்தார்கள். ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இதை விடக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டவர் அம்மாதான். ஷிப்ட் முடிந்து, யூனிஃபார்மோடு, இரண்டு பஸ் மாறி மூன்று தடவை பாயா ரும்புட்டுக்குப் போய்ச் சித்தியைக் கூப்பிட்டார். மூன்றாவது தடவை சித்தி சரியென்றார். அம்மா அந்த வாரமெல்லாம் துள்ளிக்கொண்டிருந்தார். கறை படிந்த சுவரை ஒருநாள் முழுக்கத் தேய்த்தார். அது போகிற கறை இல்லை.

ஜெப நாள் வந்தது. சித்தி பச்சைப் புடவை கட்டி, பொட்டை எடுத்துவிட்டு வந்திருந்தார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அம்மா அதைப் பார்த்துவிட்டு, தன் அறையிலிருந்து பொட்டு அட்டை ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்து, எப்போதும்போல் இருக்கச் சொன்னார். எங்கள் வீட்டில் பொட்டு அட்டை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. வாங்கித்தான் வைத்திருக்க வேண்டும்.

படத்துக்கு எல்லாரும் நின்றார்கள். பதினோரு பேர், இரண்டு வரிசை. நான் ஃபிப்டியை மாட்டியிருந்தேன். ஜூம் என் பையில், கைக்கெட்டும் தூரத்தில், தையல் மெஷின்மேல் இருந்தது. சுவரோடு ஒட்டி நின்றால் பின்னணி மங்காது என்பதால் எல்லாரையும் ஐந்தடி முன்னால் வரச் சொன்னேன். அவர்கள் முன்னால் வர, நான் பின்னால் போக, முதுகு வாசற்கதவில் இடித்தது. வாசலைத் தாண்டிப் போர்ச்சுக்குப் போனால் கதவுச் சட்டமே இருபுறமும் மறைத்தது. நெருங்கி நிற்கச் சொன்னேன். மூச்சுவிட இடமில்லாமல் நெருங்கினார்கள். அப்படியும் வலது ஓரத்தில் ஒருவர் பாதிதான் தெரிந்தார். அது சித்தி.

அம்மா தன் இடத்தைவிட்டு என்னிடம் வந்து காதோரம் குனிந்து, "எல்லாரும் வர்றாங்களாடி?" என்று கேட்டார். நான் ம் என்றேன். அம்மா திரும்பிப் போய் நின்றார். அவர் நின்ற மறுகணம் நான் சொன்னேன்:

"சித்தி, நீங்க மட்டும் கொஞ்சம் வெளிய வந்துடுங்க. அடுத்த போட்டோவுல நின்னுக்கலாம்."

எங்கள் வீட்டில் அடுத்த போட்டோ என்று ஒன்று கிடையாது என்பது அந்த ஹாலில் எல்லாருக்கும் தெரியும், சித்தி உட்பட. அவர் சிரித்தபடியே விலகிப் பின்பக்கம் சமையலறைக்கு, எங்கள் பேச்சில் 'குசினி'க்கு, போனார். எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா என்னைப் பார்த்தார். நான் பட்டனை அழுத்தினேன். படம் நன்றாக விழுந்தது. சுவர்க்கறை பனிபோலக் கரைந்திருந்தது, எல்லார் முகமும் பளிச்சென்றிருந்தது, சித்தப்பா மட்டும் கேமராவைப் பார்க்காமல் குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நெய்ச்சோறு இறக்கியிருந்தது. அவர்கள் சாப்பிடவில்லை. கேட்டருகே சித்தப்பா குரலை உயர்த்தாமல் சொன்னது எனக்கு ஹால்வரை கேட்டது. "போட்டோவுக்கு ஆகாதவளை சாப்பாட்டுக்கு எதுக்கு அண்ணி மூணு தடவை வந்து கூப்பிட்டீங்க?" பத்தடி நடந்து, அம்மா என் காதில் அப்படி ஒன்றும் சொல்லவில்லை, லென்ஸ் பத்தவில்லை, இன்னொன்று பையில் இருக்கிறது, இதோ மாட்டுகிறேன் என்று நான் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் இன்னொன்று இருந்தும் ஏன் மாட்டவில்லை என்று அடுத்துக் கேட்பார்கள். நம் வீட்டைப் பார்த்து எனக்கு வெட்கம் என்று, அந்தச் சுவரைத் தேய்த்த அம்மாவின் முன்னால் சொல்ல வேண்டிவரும். நான் பையின் ஜிப்பை மூடினேன்.

அம்மாவும் என்னை ஒருநாளும் கேட்கவில்லை. தம்பியை அம்மாதான் அவமானப்படுத்திவிட்டதாக நினைத்து அப்பா அம்மாவிடம் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காதில் ஏதோ ஓதிவிட்டுப் போய் நின்றாள் என்று பெரியம்மா ஊரெல்லாம் சொன்னார். எனக்கு அதெல்லாம் கேட்கும். கேட்டுக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதுவேன்.

போன ஆண்டு சித்தப்பா நெஞ்சுவலியில் இறந்துபோனார். துக்கவீட்டில் சித்தி அம்மாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா பெட்டியருகே போகாமல் கூடாரத்தின் கடைசி வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்தது நான். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சின்னப் பிள்ளை தெரியாமல் செய்தது என்று என்னை யாராவது தேற்றினால், அந்த ஒரு மணி நேரத்தை அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இப்போது நன்றி ஜெபத்தில் ஒரே படம் என்ற வழக்கம் இல்லை. ஆளுக்கொரு கைப்பேசி, எல்லாரும் எல்லாரையும் எடுக்கிறார்கள், யாரும் அச்சுப் போடுவதில்லை. அந்தச் சட்டத்தில் கடைசியாக ஏறியது நான் எடுத்த அந்தப் படம்தான்.

உடன் வேலை செய்பவளுக்கு ஜூம் என்று பதில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. கடந்த புதன்கிழமை வேலை முடிந்து பாயா ரும்புட்டுக்குப் போனேன். சித்தி உட்காரச் சொல்லி, பால் சேர்க்காத 'தே ஓ' தேநீர் போட்டுக் கொடுத்தார். ஒன்றுவிடாமல் சொன்னேன்: கறையை, பாசார் மாலாமை, அம்மா காதில் உண்மையில் கேட்டதை, பையில் இருந்த லென்ஸை. முடித்ததும் சித்தி ஒன்று மட்டும் கேட்டார், அந்த லென்ஸைப் போட்டிருந்தால் தானும் படத்தில் வந்திருப்பேனா என்று. ரெண்டு பக்கமும் இடம் மிஞ்சியிருக்கும் சித்தி என்றேன்.

பிறகு சித்தி சொன்னார். "அவர் இருக்கும்போதே வந்து சொல்லியிருக்கலாமேம்மா. அண்ணி அப்படிப்பட்டவங்க இல்ல, வா போய்ப் பாப்போம்னு வருஷா வருஷம் கூப்பிடுவாரு. நான்தான் விடல."

தே ஓ ஆறிக்கொண்டிருந்தது.

புறப்படும்போது சித்தி வாசல்வரை வந்தார். "ஞாயித்துக்கிழமை நான் வீட்டுக்கு வரேன். உங்கம்மா கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேக்கணும். அக்காகிட்ட சொல்லி வை."

மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவரில்லை. இன்று சனிக்கிழமை. அம்மாவிடம் நான் இன்னும் எதையும் சொல்லவில்லை.